சான்றிதழ்

நரீனில் அன்று மைனஸ் இருபத்தெட்டு.
பள்ளிக்கூடத்துச் சாப்பாட்டு அறையில்தான் பயிற்சி,
அங்குதான் அடுப்பு எரியும்.
நாற்பத்தொரு பெண்கள், இரண்டு ஆண்கள்,
கம்பளிக் கோட்டைக் கழற்றாமல்
குழந்தைகளின் பெஞ்சில் முழங்கால் இடிக்க உட்கார்ந்தோம்.
மூன்று நாள். வாசிக்கக் கற்பிப்பதைக்
கற்பிக்கப் போகிறார்களாம் எங்களுக்கு.

பத்தொன்பது வருஷமாக நான்
வேறென்ன செய்துகொண்டிருந்தேன்?
பாக்திகுல் காதோடு சொன்னாள்:
"மத்தியானம் மான்டி போடுகிறார்கள். பொறுத்துக்கொள்."

பயிற்சி தர வந்தவள் பெரிசாத்.
பிஷ்கெக்கிலிருந்து ராத்திரி முழுக்க வேனில் வந்திருக்கிறாள்,
மூக்கு ஒழுகிக்கொண்டிருந்தது.
முன்னுரை இல்லை. ஆளுக்கொரு அட்டை.
அட்டையில் ஒரு படம்: கிளையில் குருவி.
கீழே மூன்று எழுத்து.
பனியே பார்க்காத ஏதோ தென்தேசத்து எழுத்தாம்.
"வாசியுங்கள்," என்றாள்.

முதல் எழுத்து, வலப்பக்கம் உள்ளே மடிந்த பெட்டி.
அடுத்தது, கால் சாய்ந்த ஒரு வாசல்.
மூன்றாவது, மறுபடி அதே பெட்டி,
தலையில் மட்டும் ஒரு புள்ளி.
அச்சுப் பிழை என்று நகத்தால் சுரண்டிப் பார்த்தேன்.

"குருவி," என்றேன்.
பெரிசாத் ஒன்றும் சொல்லவில்லை.
"பறவை." அவள் புருவத்தைப் பார்த்தேன்.
"சிட்டு?" அவள் உதட்டோரத்தைப் பார்த்தேன்.

இந்தப் பார்வை எனக்குத் தெரியும்.
என் இரண்டாம் வகுப்பில், ஜன்னலோர பெஞ்சில்,
எசென் இப்படித்தான் வாசிப்பான்,
ஒரு கண் படத்தில், ஒரு கண் என் முகத்தில்.
முகம் மலர்ந்தால் அடுத்த வரிக்குத் தாவுவான்.
சுருங்கினால் வேறொரு சொல்லை எடுத்து நீட்டுவான்,
செல்லாத நோட்டை மாற்றித் தருகிறவன் மாதிரி.
"படத்தைப் பார், ஊகி,"
என்று சொல்லிக்கொடுத்தது நான்தான்.
அன்பாக, பத்தொன்பது வருஷம்.

அவன் எழுத்தை வாசித்ததேயில்லை.
என்னை வாசித்திருக்கிறான், ஒரு பிழையும் இல்லாமல்.

பெரிசாத் மூக்கைத் துடைத்துக்கொண்டு வந்து
என் அட்டையின் படத்தை உள்ளங்கையால் மூடினாள்.
பெட்டிக்கு ஒலி சொன்னாள். வாசலுக்கு ஒலி சொன்னாள்.
புள்ளி?
"அது எழுத்துக்குள் இருக்கும் அகரத்தை எடுத்துவிடும்.
உதட்டைச் சாத்தி அங்கேயே நிறுத்துங்கள்."
நாற்பத்து மூன்று பேர் உதட்டைச் சாத்தினோம்.
அடுப்பில் கரி வெடிப்பது கேட்டது.
குருவி இல்லை.
குருவி எதன்மேல் உட்கார்ந்திருந்ததோ, அது.

பாக்திகுல் அழுதாள், மான்டி வருவதற்கு முன்பே.
ஏனென்று கேட்டால் ஒரு பெயர் சொன்னாள்,
எனக்குத் தெரியாத பெயர்.
இப்போது ஓஷில் லாரி ஓட்டுகிறானாம்.

எல்லாவற்றையும் ஒத்துக்கொண்டேன் என்றில்லை.
இரண்டாம் நாள் சண்டையே போட்டேன்:
முப்பத்தாறு பிள்ளை, பதினொரு புத்தகம்,
எந்தப் படத்தை எந்தக் கையால் மூட?
அவளிடம் பதில் இல்லை. நோட்டில் குறித்துக்கொண்டாள்.
குறித்துக்கொண்டது பிடித்திருந்தது.

மூன்றாம் நாள் சான்றிதழ்.
லேமினேட் செய்து, முத்திரை குத்தியது.
கரும்பலகைக்கு மேலே ஆணியடித்து மாட்டினேன்.

ஏப்ரலில் பனி உருகி வாசலெங்கும் சேறு.
அதில் என்ன எழுதியிருக்கிறது என்று யாரோ கேட்க,
"ஸூரகான்!" என்று கத்தினார்கள் எல்லோரும்.
என் பெயர் தெரியாதா அவர்களுக்கு.
எசென் மட்டும் எழுந்து நின்று
காற்றில் விரலை ஒவ்வோர் எழுத்தாக நகர்த்தி,
என் பக்கம் திரும்பாமல்,
"ஸு... ர... கான்," என்றான்.

வகுப்பு சிரித்தது. நானும் சிரிக்கப் போனவள்
அண்ணாந்து பார்த்தேன்.
நெடிலைக் குறிலாக அடித்திருந்தார்கள்.
மூன்று மாசம் அதனடியில் நின்று
பாடம் நடத்தியிருக்கிறேன்.

"சரி," என்று சொல்ல வாயெடுத்தேன்.
அவனுக்கு அது தேவைப்படவில்லை.
விரல் அடுத்த சொல்லுக்குப் போய்விட்டது,
நீளமான சொல், நடுவில் எங்கோ திணறுகிறான்,
இன்னும் திரும்பவில்லை.