இப்போது மூச்சு விடலாம்

பதினேழு வருஷம் சால்மன் மீன் அறுத்த கை.
ஓடும் பட்டையில் வருவதைத் தடவியே
முள் எங்கே என்று சொல்லிவிடும்.
ஆலையை மூடினார்கள்.
கொடுத்த பணத்தில் பாதி கூரைத் தகரத்துக்கு,
பாதி இந்தப் படிப்புக்கு.
நாற்பத்து மூன்று வயதில் முதல் பெஞ்சில் உட்கார்ந்தேன்,
ஆர்வத்தால் அல்ல,
கண்ணாடி வாங்கக் காசில்லை.

புவெர்த்தோ மோந்த் மருத்துவமனை, அடித்தளம்,
சி.டி. அறை இரண்டு.
என்னைவிடப் பதினாறு வயது இளையவள் மியாராய்,
என் ஏட்டில் கையெழுத்துப் போடுகிறவள்.
இன்னும் இருபத்தொரு கட்டம் காலி.
சூயிங்கம் மென்றபடி சொல்வாள்:
"மெஷின் தப்புப் பண்ணாது, ஒந்தீனா."
மீதியைச் சொல்ல மாட்டாள்.

கிரியாட்டினின் எவ்வளவு என்று கேட்கப் பழகினேன்.
பச்சை ஊசியா, ரோஜா ஊசியா என்று
நரம்பைப் பார்த்தே சொல்லப் பழகினேன்.
"மருந்து ஏறும்போது உடம்பெல்லாம் சூடு பரவும்,
ஒன்றுக்குப் போய்விட்டது போலிருக்கும்,
போயிருக்க மாட்டீர்கள்."
வெட்கப்படாமல் இதைச் சொல்ல
மூன்று வாரம் ஆனது.
பல்செட், மோதிரம், பிராவின் கொக்கி
எல்லாம் தட்டில்.
மாதா பதக்கத்தைக் கழற்ற மாட்டேன் என்பவர்களுக்கு
அதைத் தோளுக்கு அப்பால் தள்ளி ஒட்டுப் போட்டுவிடு.
இது புத்தகத்தில் இல்லை.

அறை இரண்டில் பதிவுக் குரல்
ஜூன் மாதத்திலிருந்து ரிப்பேர்.
அதனால் மைக்கில் நாங்களே:
ஆழமாக இழுங்கள்.
பிடியுங்கள்.
மூச்சு விடாதீர்கள்.
இப்போது விடலாம்.

ஆகஸ்ட். அதிகாலை மூன்று பத்து.
மழை துறைமுகத்திலிருந்து படுக்கைவசமாக அடித்தது.
கல்புக்கோவிலிருந்து வந்தார் பவுதிலியோ,
கடலுக்கடியில் சிப்பி எடுப்பவர்,
இருமலில் ரத்தம்.
கையைத் தலைக்கு மேல் தூக்கச் சொன்னேன்.
இடது தோள் பாதியில் நின்றுவிட்டது.
"மீதியை ஆழம் தின்றுவிட்டது" என்றார்,
யாரோ கடன் வாங்கிப் போனதுபோல.

பொத்தானை அழுத்தினேன்.
மேசை உள்ளே போய் வந்தது.
திரையில் படங்கள் விழத் தொடங்கின,
ஒன்றன்பின் ஒன்றாக, மெல்லிய துண்டுகளாக,
அந்தப் பழைய பட்டையில் வருவது போலவே.
மௌஸ் உருளையில் என் விரல்
தானாக ஓடியது,
நாற்பத்தெட்டாவதில் தானாக நின்றது.
வலது மேல்மடல்.
பட்டாணி அளவு.
ஓரமெல்லாம் முள்.

"ஒந்தீனா. மைக்."

கண்ணாடிக்கு அப்பால்
அவர் இன்னும் பிடித்துக்கொண்டிருந்தார்.
நெஞ்சு நிமிர்ந்து, துளி அசையாமல்,
என் ஒரு சொல்லுக்குக் கட்டுப்பட்டு.
மூலையில் எண் ஓடியது: ஐம்பத்திரண்டு நொடி.
"விடலாம், விடலாம், ஐயோ, விடுங்க!"

இருமலும் சிரிப்புமாக எழுந்தார்.
"படகில் இருக்கிறவன் கயிற்றை இழுக்காமல்
நாங்கள் மேலே வருவதில்லை.
நீ இழுக்கவேயில்லையே."

ஊசியை உருவினேன். பஞ்சை அழுத்தினேன்.
"நல்லா வந்திருக்கா?"
"படம் தெளிவா வந்திருக்கு" என்றேன்.
பொய் இல்லை.
"டாக்டர் பார்த்துச் சொல்வார்."
இறங்கும் முன் தண்ணீரின் நிறம் பார்ப்பவர்போல
என் முகத்தைப் பார்த்தார்.
தட்டில் அவர் மோதிரம் கண்ணெதிரே கிடந்தது.
குனிந்து தேடினேன்.

நான் மூச்சு விடவில்லை.

மியாராய் ஒரு கட்டத்தை நிரப்பினாள்:
நெஞ்சு, மருந்துடன். சுவாச அறிவிப்பில் தாமதம்.
முகத்துக்கென்று ஏட்டில் கட்டம் கிடையாது.
சூயிங்கத்தைக் காகிதத்தில் மடித்தவள்
புதிது ஒன்றை என் பக்கம் தள்ளினாள்.

அடுத்து ஒரு மண்டை:
படியில் விழுந்த பள்ளிக்கூடச் சமையல்காரி.
கொண்டையிலிருந்து ஊசிகளை ஒவ்வொன்றாக எடுத்தேன்.
பதினொன்று.
"தலைக்கு மூச்சுப் பிடிக்க வேண்டாம், அம்மா.
சாதாரணமா இருங்க."
சரி என்றாள்.
மேசை நகர்ந்ததும் பிடித்துக்கொண்டாள்.
நானும்.