மூணு தரம்

கேத்தி பாலாடாவில் மழை நின்ற பிறகும்
மண் நிற்கவில்லை.
ஐப்பசிக் கடைசியில் ஒரு வெள்ளிக்கிழமை.
மேலே தேயிலை, கீழே எங்கள் குத்தகைத் தோட்டம்,
நடுவில் மோட்டாரை நிறுத்தப் போன என் வீட்டுக்காரர்.
மூன்றாம் நாள் எடுத்தார்கள்.
ஞாயிற்றுக்கிழமை.
கோயிலில் இரண்டாம் மணி அடித்துக்கொண்டிருந்தது.

அதற்குப் பிறகு
விசுவாசப் பிரமாணத்தில் ஒரு வரி வரும்,
எந்த வரி என்று உங்களுக்கே தெரியும்,
அங்கே வாயை மூடிக்கொள்வேன்.
கோபம்தான். வேறென்ன.
மற்றதெல்லாம் சொல்வேன்.
பூமியைப் படைத்தவர் என்னும்போது மட்டும்
கொஞ்சம் பல்லைக் கடிப்பேன்.

தேவசித்தம் என்று சொல்லிப்போக
வீட்டுக்கு வந்தவர்களும் உண்டு.
டீ போட்டுக் கொடுத்தேன்,
சர்க்கரை போடாமல்.

நான் நிறுத்தியது யார் காதிலும் விழவில்லை
என்றுதான் நினைத்திருந்தேன்.
நாலாவது வாரமோ, ஐந்தாவதோ,
பக்கத்தில் உட்காரும் லோவிசாள்,
கேரட் கழுவும் மிஷினில் வேலை,
பன்னிரண்டு மாதமும் தொண்டைக் கட்டு,
அந்த வரி வந்ததும்
இரண்டு பேருக்கும் சேர்த்து உரக்கச் சொன்னாள்.
என் பக்கம் திரும்பவில்லை.
எனக்குப் பிடிக்கவில்லை.
அடுத்த வாரம் பெஞ்சு மாறினேன்.
அங்கே ஊசிக் கம்பெனி ஞானசிகாமணி
அதே இடத்தில் குரலை ஏற்றினார்.

மாசியில் அறுப்புப் பண்டிகை.
கோஸ், பீட்ரூட், வர்க்கி டின்,
காலைக் கட்டிப் போட்ட ஒரு சேவல்,
ஆல்டர் படிக்கட்டு ஓரமாக ஒரு மூட்டை விதை உருளை.
ஏலம் போடுவது செயலாளர் தங்கையா.
லாரிக்கார ஓபேத்துக்கும் மளிகை யோவானுக்கும் இருக்கிற பகையில்
போன வருஷம் ஒரே ஒரு முட்டை
எண்ணூறு ரூபாய்க்குப் போயிருக்கிறது.
மூட்டை எப்படியும் மூவாயிரம் தாண்டும்.

என் கை தானாக எழுந்தது என்றால் பொய்.
காணிக்கைப் பையில் போடலாமா வேண்டாமா என்று
காலையிலிருந்து மடித்து மடித்து
ஒரு தாள் விரல் இடுக்கில் இருந்தது.
நூறு, என்றேன்.

ஓபேத்து குனிந்து
ஷூ கயிற்றைக் கட்ட ஆரம்பித்தார்.
கட்டியிருந்த கயிற்றை.
மளிகை யோவான் ஜன்னல் வழியே
மஞ்சு ஏறுவதைப் பார்த்தார்.
ஒரு தரம்.
தங்கையா வழக்கமாக ஓட ஓடச் சொல்கிறவர்.
ஒரு சின்னப் பையன் ஏதோ கேட்க வாயெடுக்க
அவன் அம்மா அவன் வாயில் வர்க்கியைத் திணித்தாள்.
ரெண்டு தரம்.
சேவல் கூவியது.
யாரும் சிரிக்கவில்லை.

வாயை மூடுவது என்னவென்று எனக்குத் தெரியும்.
நான்கு மாதமாக அதைத்தான் செய்கிறேன்.
ஆனால் நூற்று அறுபது பேர்
ஒரே நேரத்தில், எனக்காக,
மூச்சைக்கூட அடக்கிக்கொண்டு மூடுவதை
அன்றைக்குத்தான் கேட்டேன்.

மூணு தரம்.

வெட்கமாக இருந்தது.
மூட்டைமேல் உட்கார்ந்து அழுதேனாம்,
லோவிசாள் சொல்கிறாள்.
மூட்டையை ஓபேத்து லாரியிலேயே இறக்கினார்.
ரோடு சரியில்லை, பட்டை தேயுது என்று
வழி முழுக்கத் திட்டிக்கொண்டே வந்தார்.
வாடகை கேட்கவில்லை.

சரிந்தது போக மிச்சம் பதினைந்து சென்ட்.
துண்டு போடும்போது
ஒவ்வொன்றிலும் ஒரு கண்ணாவது இருக்க வேண்டும்,
கண் மேலே பார்க்க வேண்டும், என்பார் அவர்.
அப்படியே வைத்தேன்.
ஒவ்வொரு கண்ணையும் மூடினேன்,
அதே மண்ணால்.
அந்த மண்ணைக் கையில் எடுக்கவே
மதியம் வரைக்கும் ஆயிற்று.

நேற்று ஞாயிறு.
லோவிசாள் பக்கத்திலேயே போய் உட்கார்ந்தேன்.
வரி வந்தது.
‘மூன்றாம்’ வரைக்கும் போனேன்.
மிச்சத்தை
பெஞ்சு சொன்னது.