அறையில் முப்பத்தெட்டு

ரிச்சி தெரு, இரண்டாம் மாடி.
ஏசி செத்து நாலு நாள்.
அறையில் முப்பத்தெட்டு என்று நோட்டில் எழுதிவிட்டு
ஆரம்பித்தேன்.

பழைய பசையை ஸ்பிரிட் தொட்டுத் துடைத்தால்
ப்ராசஸரின் முதுகில் என் மூக்கு தெரிகிறது.
வழவழப்புதான். நம்பக்கூடாது.
கண்ணுக்குத் தப்பிய பள்ளங்களில் காற்று உட்கார்ந்திருக்கும்.
அதைக் கிளப்பத்தான் பசை, ஒரு பட்டாணி அளவு.
கூடினால் பசையே கம்பளி.

எண்பது ரூபாய் வெள்ளை, எண்பத்தொன்றில் நின்றது.
முன்னூறு ரூபாய் சாம்பல், எழுபத்தொன்பது.
தொள்ளாயிரம் ரூபாய், ஜெர்மனி என்கிறது டப்பா:
எழுபத்தேழு.

மெர்வின் சும்மா இருப்பானா,
பையிலிருந்து டூத்பேஸ்ட்டை நீட்டினான்.
எழுபத்தாறு!
கிராம்பு மணக்க மணக்க அதுதான் ஜெயித்தது.
சாம்பார் சாதம் தின்று கைகழுவி வருவதற்குள்
காய்ந்து, வெடித்து, நூறைத் தொட்டு
மெஷின் தானே அணைந்து கிடந்தது.

எதற்கும் ஜெர்மனியை இன்னொரு தடவை.
எழுபத்துமூன்று.
"பாத்தியா, காசு பேசுது" என்றான்.

அப்போதுதான் சுவரில் காலண்டர் படபடத்தது.
கடற்காற்று ஏறிவிட்டிருக்கிறது, எனக்குச் சொல்லாமல்.
அறையில் முப்பத்துநாலு.

வெள்ளையை மறுபடி தடவினேன்:
எழுபத்தேழு.
மத்தியானத்து ஜெர்மனி.

ஆறு மணிக்கு வந்தார் தேவசகாயம்,
வடபழனியில் கல்யாண வீடியோ வெட்டுகிறவர்.
"எது மேடம் போடலாம்?"
"உங்க ரூம்ல ஜன்னல் எந்தப் பக்கம்?"
"ஜன்னலா?" என்று சிரித்தார்.

தொள்ளாயிரம் ஆகும், என்றேன்.