நகர்ந்தால் மட்டும்

என்ஜின் ஓடுகிறது. பின்னால் தண்டு அசையவில்லை.
பேலர் வாயைத் திறந்துகொண்டு நிற்கிறது.
அதற்கு முன்னே ஒன்றேகால் ஹெக்டேர் புல்,
வெட்டி, புரட்டி, வரிசையாய்க் கூட்டி வைத்தது.
விடிந்தால் மழை என்கிறது ரிகா வானொலி.

முதலில் எளிதானவை.
லிவர் மேலே நிற்கிறதா? நிற்கிறது.
பேலரின் ஷியர் போல்ட் முறிந்ததா? முறியவில்லை.
மூட்டுச் சிலுவையில் கிரீஸ்கூடப் புதிதாய் மின்னுகிறது.
எண்ணெய்க் குச்சியைத் துடைத்து, விட்டு, எடுத்துப் பார்த்தேன்:
இரண்டு கோடுகளுக்கும் நடுவில், தேன் நிறத்தில்,
ஒன்றும் அறியாத முகத்தோடு எண்ணெய்.

ஆக, பட்டைதான்.
இந்த மின்ஸ்க் வண்டிகளின் வயிற்றில் எஃகுப் பட்டைகள் இரண்டு.
ஒன்று பிடித்தால் தண்டு சுற்றும்,
மற்றது பிடித்தால் நிற்கும்.
நாற்பத்தொரு வருடம் பிடித்துப் பிடித்து
வழுக்காமல் என்ன செய்யும்?

பின் மூடிக்கு ஆறு போல்ட். ஐந்து வந்தன.
ஆறாவதை உளி வைத்து அடித்ததில் தலையே பறந்தது.
வெட்டிய புல்லில் தவளை தேடிக்கொண்டிருந்த நாரை
நிமிர்ந்து என்னைப் பார்த்தது,
பிறகு தன் வேலையைப் பார்த்தது.

கையேடு ரஷ்ய மொழியில்.
பள்ளியில் கட்டாயமாய்ப் படித்து, பிறகு வேண்டுமென்றே மறந்த மொழி.
முழுக்க இறுக்கு, பின் தளர்த்து,
எத்தனை சுற்று என்ற இடத்தில்தான்
யாரோ கிரீஸ் கட்டைவிரலை வைத்துவிட்டுப் போயிருக்கிறார்கள்.
ஒரு சுற்று தளர்த்தினேன். போதும் என்றது கோபம்.

மூடினேன். ஸ்டார்ட். லிவர்.
தண்டு அப்படியே.

விட்செமேயில் ஜூலை என்றால் பத்து மணிவரை வெளிச்சம்.
தோற்றதை நிதானமாய்ப் பார்க்கலாம்.

கொட்டகைக்கே போய்த் தொலை சனியனே என்று
கியரைப் போட்டு க்ளட்சை விட்டேன்.
பின்னால் கடகடவென்று சத்தம்.
திரும்பினால், பேலருக்குள் உலக்கை குத்துகிறது,
கம்பி விரல்கள் வெறுங்காற்றை வாருகின்றன.
நின்றேன். நின்றது.
நகர்ந்தேன். சுற்றியது.

சக்கரத்தோடு சேர்ந்து சுற்றும் நிலை!
உருளைக்கிழங்கு நடுகிறவனுக்கு வேண்டியது அது,
வண்டி இத்தனை அடி போனால் கிழங்கு ஒன்று விழவேண்டுமே.
மே மாதம் வண்டியைக் கொண்டுபோனது ஆர்வில்ஸ்.
முன்னாள் கணவனின் தம்பி.
இதே டிராக்டர் யாருக்கு என்ற வழக்கில் எனக்கெதிராய்ச் சாட்சி சொல்லி,
தீர்ப்பு வந்த மறுவாரம்
என்னிடமே வந்து இரவல் கேட்டவன்.

போனில் கூப்பிட்டுக் கத்தினேன்.
முழுக்கக் கேட்டுவிட்டுச் சொன்னான்:
“வெல்கா, மாற்றி வைத்திருக்கிறேன் என்று சொல்லிவிட்டுத்தானே போனேன்.
நீ கொடியில் துணி போட்டுக்கொண்டிருந்தாய்,
வாயில் நாலு கிளிப். தலையை ஆட்டினாய்.”

ஆட்டியிருப்பேன்.
அவன் எதைச் சொன்னாலும் ஆட்டுவேன்,
சீக்கிரம் கிளம்பட்டும் என்று.

என்ஜினை அணைத்து, அடியில் மல்லாந்து படுத்து,
இடது பக்கம், க்ளட்ச் கூட்டுக்குக் கீழே
அந்தச் சின்னத் திருகை அவிழ்த்து, திருப்பி, பூட்டினேன்.
அவ்வளவுதான் வேலை. என் முழு மாலையும் அவ்வளவுதான்.

தண்டு சுற்றியது.
லிவரை இறக்கினேன். அப்போதும் சுற்றியது.
நன்றாயிருந்த பட்டையை நான் இறுக்கிய இறுக்கு.

மூடியைத் திறக்க நேரமில்லை.
கயிறு அறுந்த ஒவ்வொரு முறையும் என்ஜினை அணைத்து,
சாவியைப் பைக்குள் போட்டு, தண்டு ஓயும்வரை காத்திருந்து இறங்கினேன்.
பதினான்கு முறை.
இருநூற்றிரண்டு கட்டு.
கடைசி இரண்டு வரிசையை மழை எடுத்துக்கொண்டது.

காலையில் ஆர்வில்ஸ் கூப்பிட்டான்.
சுற்றுகிறதா என்று கேட்டான்.
சுற்றுகிறது என்றேன்.
மீதியைச் சொல்லவில்லை.