பை எடை கழித்து

வெள்ளி இரவு கடை பூட்டும்போது
மல்லி மூட்டைக்குப் பின்னால்
பசை அட்டை இரண்டு விரிப்பேன்.
சனி விடியுமுன்
வெருலத்துக்கு வெளியே, கரும்பு ஓய்ந்து காடு தொடங்கும் இடத்தில்
நெற்றியில் விளக்கு கட்டி நிற்பேன்.
இரண்டையும் செய்வது ஒரே கைதான்.
நொம்புலேலோவுக்கு முதலாவது தெரியாது.

அறுபது அலுமினியப் பெட்டிகள்,
ஆரஞ்சு நாடா கட்டிய கிளைகளுக்குக் கீழே.
கதவு மூடியிருந்தால் தூக்கிப் பார்க்க வேண்டும்:
கனம் இடம் மாறினால் உள்ளே ஆள்.
பதினேழில் ஒரு நத்தை.
இருபத்திரண்டில் எறும்பு. கடலை வெண்ணெய் உருண்டையில் பாதி இல்லை.
தலைக்குமேல் ஹடீடா ஒன்று
வீடே தீப்பிடித்ததுபோல் கத்திக்கொண்டு போகிறது.

முப்பத்தொன்று. மூடியிருக்கிறது.
துணிப்பைக்குள் கவிழ்த்ததும்
பை மூச்சு விடத் தொடங்குகிறது.
வில்தராசில் மாட்டி, ஆட்டம் நிற்கக் காத்து,
ஐம்பத்திரண்டு என்கிறேன். பை பத்து.
நாற்பத்திரண்டு என்று எழுதுகிறான் டெரன்ஸ் சன்னாசி, வங்கிக்காரன்,
காசோலையில் போடுவதுபோல் பின்னால் ஒரு கோடு இழுத்து.

பிடரித் தோலைக் கிள்ளிப் பிடிக்க
இரண்டு மாதம் ஆயிற்று எனக்கு.
தளர்ந்தால் கடி. இறுகினால் கண் பிதுங்கும்.
பெண். வயிற்று மயிரை ஊதி விலக்கி
காம்பு எண்ணுகிறாள் நொம்புலேலோ,
பல்லிடுக்கில் பென்சிலோடு: ஒன்பது சோடி, பத்து...
பால் கசிகிறது.
எந்த வேருக்கடியிலோ குஞ்சுகள் குளிரில் கிடக்கும்.
சீக்கிரம், என்கிறாள். வாலை அளக்காமலே விடுகிறோம்.
நீளம் என்ற கட்டம் காலி.

அதன்பிறகு உம்டோனி மரத்தடி. நம் நாவலுக்கு உறவு அது,
பழம் தின்றால் நாக்கு நீலம்.
நாற்பத்தாறில் மூஞ்சூறு.
பஞ்சு நனைந்து, உடல் விறைத்து.

மூஞ்சூற்றுக்கு இரவெல்லாம் தீனி வேண்டும்,
அதனால்தான் இரண்டு மணிச் சுற்று.
யாருடையது என்று ஒருவரும் கேட்கவில்லை.
என்னுடையது.
அலாரத்தை அணைத்துவிட்டுத்
திரும்பிப் படுத்தது நினைவிருக்கிறது.

போன வாரம் இதே இனத்தின் பதினொரு கிராமைப் பார்த்து
இதன்மேலா பிள்ளையார் ஏறினார் என்று சிரித்த டெரன்ஸ்
பேனா மூடியைக் கழற்றினான், மாட்டினான், கழற்றினான்.
நொம்புலேலோ அதை ஓர் இலையில் கிடத்தினாள்.
பிறகு இலையிலிருந்து எடுத்து
எடை போட்டாள். ஒன்பது, ஈரத்தோடு.
ஆன்ட்டி, நீங்க எழுதுங்க, என்று
படிவத்தை என்னிடம் நீட்டினாள்.
காரணம் என்ற இடத்தில்
குளிர் என்று எழுதினேன்.
பொய்யும் இல்லை.

ஒன்பது மணிக்கு ஷட்டரைத் தூக்கினால்
அட்டையில் ஓர் எலி, ஒரு பக்கமாகச் சாய்ந்து,
ஒரு மீசை மட்டும் ஒட்டாமல் அசைகிறது.
வழக்கமாக வாளி. வழக்கமாகப் பார்க்கவே மாட்டேன்.
மஞ்சள் நிறுக்கும் தராசில் வைத்தேன்.
நூற்று அறுபத்தெட்டு.
அட்டையின் எடை எவ்வளவு என்று
இத்தனை வருடத்தில் பார்த்து வைக்கவில்லை.

வாசலில் யாரோ மிளகாய்த்தூள் அரைக் கிலோ என்றார்கள்.
இதோ, என்றேன்.