நாற்பத்தோராவது புட்டி

நாற்பத்தொரு புட்டிகள்.
சரிபாதி செய்தால் ஒன்று மிஞ்சும்.

வக்கீலின் பட்டியலில் வீடு இருந்தது, கார் இருந்தது,
நாய்கூட இருந்தது.
நிலவறை விட்டுப்போயிருந்தது.
கிரசியான் டார்ச் பிடிக்க
நான் தூசி துடைத்து ஆண்டைப் படித்தேன்.
உனக்கொன்று எனக்கொன்று
சீட்டுப் போடுவதுபோல் போட்டுக்கொண்டே வந்தோம்.

எல்லாம் மதிரான் பக்கத்துச் சிவப்பு.
தனாத் என்று பெயர் அந்தத் திராட்சைக்கு,
தோல் தடித்தது, சுபாவமும் அப்படித்தான்.
விற்ற அன்று லாபுரி சொன்னார்:
இப்போது திறந்தால் கடிக்கும்,
பத்து வருடம் கண்ணில் படாமல் வையுங்கள்.
அன்றிரவே ஒன்றைத் திறந்தோம்.
கடித்தது.
பச்சை வால்நட் தோலை மென்றதுபோல்
நாக்கு கம்பளியாகி, ஈறு சுருங்கி,
சிரித்தபோது பார்த்தால்
இருவர் பல்லும் நீலம்.

ஒரே நோட்டில் எழுதுவோம்.
இடப்பக்கம் அவன், வலப்பக்கம் நான்.

அவன்: கறுப்புச் செர்ரி, சுருட்டுப் பெட்டி, அதிமதுரம்.
நான்: மழையில் நனைந்து வந்த நாய். நல்ல நாய்.
அவன்: வெல்வெட்.
நான்: வெல்வெட்டின் பின்பக்கம்.
அவன்: கட்டுக்கோப்பு உறுதி, நெடுநேரம் நிற்கிறது.
எதிர்ப்பக்கம் வெற்று.
அந்த மாதம் நான் தார்பில் தங்கை வீட்டில் இருந்தேன்.

நோட்டு யாருக்கு என்று இருவரும் கேட்கவில்லை.
அடுக்களை மேசையில் கிடந்தது,
மேலே அவன் சாவிக்கொத்து.

மிஞ்சியது மூலையில் இருந்தது,
லேபிள் ஈரத்தில் ஊறி, ஆண்டு போய்,
எலி கடித்ததோ என்னவோ ஒரு ஓரம் இல்லாமல்.
தக்கை பாதியில் முறிந்தது.
காபி வடிகட்டும் தாளில் வண்டலைப் பிடித்தேன்.
நல்ல கோப்பைகள் அட்டைப்பெட்டிக்குள் போய்விட்டன,
கடுகு விழுது வந்த கண்ணாடித் தம்ளர்கள் இரண்டு.

மை நிறம். விளிம்பில் மட்டும்
கொஞ்சம் செங்கல் எட்டிப் பார்த்தது.
மூக்குக்கு எதுவும் இல்லை, பூட்டிய அறை,
அப்புறம் இரும்பு.
வாயில் கனம்.
குடித்தேன் என்பதைவிடச் சுமந்தேன் எனலாம்.
விழுங்கிய பிறகும் போகவில்லை,
போய்வருகிறேன் என்று சொல்லிவிட்டு
வாசலிலேயே நின்று பேசும் விருந்தாளி மாதிரி.

பத்து போய்ப் பதினாறு வருடம்.
துவர்ப்பு இருந்த இடத்தைவிட்டு அசையவில்லை.
இன்னும் கடிக்கிறது, என்றான் கிரசியான்
தானே பிழிந்து வைத்ததுபோல் ஒரு பெருமையோடு.
இரண்டாவது மிடறு வேண்டாம் என்றான்,
மலைப்பாதை, இருட்டுமுன் போகவேண்டும்.

அவன் பெட்டி ஏற்றினான்.
நான் தரை பெருக்கினேன்.
இரண்டு மணிநேரம் இருக்கும்,
மீதியைத் தொட்டியில் ஊற்றத் தம்ளரைச் சாய்த்தவள்
நிறுத்தினேன்.

அடிப்பிடித்த பிளம் ஜாம்.
அதற்கடியில் தூசி, மழைக்கு ஐந்து நிமிடம் முந்திய தூசி.
அதற்கும் அடியில் ஏதோ ஒரு பூ,
பெயர் நாக்கின் நுனியில், வரவில்லை.
ஒரு வாய் வைத்துப் பார்த்தேன்.
அதே கனம்தான்,
ஆனால் இப்போது அது உட்கார்ந்திருந்தது.

தம்ளரோடு வெளியே போனேன்.
எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது, முன்சீட்டில் நாய்.
ஓட்டவேண்டும், என்றான்.
முகர்ந்து மட்டும் பார், என்றேன்.
கண்ணாடியை இறக்கி மூக்கை உள்ளே விட்டான்.
கண் மூடியபோதுதான் தெரிந்தது
இமைகூட மெலிந்திருக்கிறது.

வயலெட், என்றான். சந்தேகமே இல்லை, வயலெட்.

இல்லை.
வயலெட் வைத்து மறந்துபோன ஜாடியின்
நான்காம் நாள் தண்ணீர்.

எஞ்சினை அணைத்தான்.
பின்னால் அவனுடைய இருபதும்
ஒருமுறை ஒன்றையொன்று இடித்து ஓய்ந்தன.

எந்த ஜாடி? என்றான்.