பதினொரு மரங்களின் எண்ணெய்

வீடு அவனுக்கு.
படகுக் கடன் இருவருக்கும்.
மலைச்சரிவில் நிற்கும் இருபத்திரண்டு ஆலிவ் மரங்களில்
பதினொன்றின் எண்ணெய் எனக்கு
என்று எழுதிக் கையெழுத்திட்டோம்,
ஜெனோவா நீதிமன்றத்தில், ஒரு மழைநாளில்.
எந்தப் பதினொன்று என்று
நீதிபதி கேட்கவில்லை.

நவம்பர் கடைசியில் வருவான் குவால்தியேரோ.
ஐந்து லிட்டர் தகர டப்பாவை வாசலில் வைத்துவிட்டு
மணியடிக்காமல் இறங்கிப் போவான்.
லிஃப்ட் இல்லாத ஐந்தாம் மாடி.
அவனுக்கு மூச்சு வாங்குவது
கதவுக்கு இந்தப் பக்கம் கேட்கும்.

புது எண்ணெய் தொண்டையைக் கீறிக்கொண்டு இறங்கும்.
இருமல் வந்தால் நல்ல எண்ணெய் என்பது எங்கள் கணக்கு.
ஆண்டுதோறும் இரண்டு முறை இருமுவேன்,
சற்றுச் சத்தமாகவே,
படியில் இறங்குகிறவனுக்குக் கேட்கும்படி.

ஃபொகாச்சா சுடுவது சுலபம் என்கிறார்கள்.
சுலபம்தான்.
பேருந்தை டிப்போவில் விட்டுவிட்டு வந்து
சீருடையைக்கூடக் கழற்றாமல் பிசைந்துவிடுவேன்.
மாவு, தண்ணீர், ஈஸ்ட், உப்பு.
உப்பி வரும்வரை கால்களை நாற்காலியில் நீட்டிக்கொள்ளலாம்.
பிறகு தட்டில் எண்ணெய்.
எவ்வளவு என்று கேட்காதே,
அளந்து ஊற்றுகிறவர்களின் ரொட்டி அடிபிடிக்கும்.
மாவைப் பரப்பி
பத்து விரலாலும் அழுத்து, தட்டின் அடி தட்டுப்படும்வரை,
குறுக்கே வந்த ஸ்கூட்டருக்கு
ஹாரன் அழுத்துகிற மாதிரி.
வெதுவெதுப்பான நீரில் உப்பும் எண்ணெயும் கலக்கி
அப்படியே மேலே கவிழ்த்துவிடு.
குழிகளில் தேங்கி நிற்கும்.
ஐயோ, கெடுத்துவிட்டோமே என்று தோன்றும்.
தோன்றட்டும்.

இந்த வருடம் அந்த உப்புநீர் கலக்குகிற இடத்தில்தான்
எண்ணெய் தீர்ந்தது.
பழைய டப்பாவைத் தலைகீழாய்ப் பிடித்துக்கொண்டு
சொட்டுக்குக் காத்திருந்தேன்.
ஓவன் சூடாகிக்கொண்டிருந்தது.
சீருடைகளைத் துவைத்துக்கொண்டிருந்த இயந்திரம்
தன் கடைசிச் சுழற்சிக்குத் தண்ணீரைச் சூடேற்ற,
டக்.
மூன்று கிலோவாட்டுக்குமேல் இந்த வீடு தாங்காது.
எனக்கு மட்டும் இருட்டு,
எதிர்வீட்டு நீவெஸ் அம்மாள் தொலைக்காட்சியில்
யாரோ பரிசு வென்றார்கள்.

மீட்டர் தரைத்தளத்தில்.
கைபேசி வெளிச்சத்தில் இறங்கினேன்.
மூன்றாம் மாடித் திருப்பத்தில்
டப்பாவின்மேல் உட்கார்ந்திருந்தான்,
முழங்காலைப் பிடித்துக்கொண்டு.
ஆறு வருடத்தில் முதல்முறை
அவன் முகத்தில் வெளிச்சம் அடித்தேன்.

"காய்களில் ஈ விழுந்துவிட்டது" என்றான்.
"என் மரங்கள் ஒன்றும் தரவில்லை.
உன்னுடையவை மட்டும்தான்."
டப்பாவைத் தூக்கிப் பார்த்தேன்.
கழுத்துவரை நிறைந்திருந்தது.

எந்தப் பதினொன்று, குவால்தியேரோ?
கேட்கவில்லை.
அவன் கீழே போய் சுவிட்சைத் தூக்கிவிட்டான்,
நான் டப்பாவோடு மேலே ஏறினேன்,
அன்று மூச்சு வாங்கியது எனக்கு.

இருபத்தைந்து நிமிடம்.
ஓரம் ஒன்று கருகியது, அந்த ஓவனின் குணம்.
அவன் அந்த ஓரத்தையே கேட்டு வாங்கினான்,
உப்புப் பக்கம் நாவில் படும்படி திருப்பிக் கடித்தான்,
இருமினான்.
மாவு இன்னும் கொஞ்சம் ஊறியிருக்கலாம் என்றான்.
இதற்காகத்தான் உன்னை விட்டேன் என்றேன்.
இருவரும் சிரித்தோம்,
கொஞ்சம் தாமதமாக.

பதினொன்று பத்துக்குக் கடைசி ரயில்.
பாதியைக் காகிதத்தில் சுற்றிக் கொடுத்தேன்,
அவன் காலையில் கப்புச்சினோவில் தோய்த்துத் தின்பான்,
வெளியூர்க்காரர்கள் முகம் சுளிக்கிற எங்கள் பழக்கம்.
காகிதத்தில் எண்ணெய் அதற்குள் ஊறியிருந்தது.

துணிகளை மறந்தே போனேன்.
விடியும்வரை இயந்திரத்துக்குள் நனைந்தபடி கிடந்தன.
இரண்டையும் சேர்த்து ஓட்ட
இந்த வீட்டு மின்சாரம் போதாது.